முடிச்சின் மேல் தூள் இல்லை

மதிப்பிற்குரிய வாசகப் பெருமக்களுக்குப் பணிவான வணக்கம். துப்பறியும் கதை எழுதும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நானே வியந்துகொண்டிருக்கிறேன். நான் மரம் ஏறியதில்லை. நாற்காலியில் ஏறி விளக்கு மாற்றுவதற்கே பக்கத்து வீட்டாரை அழைக்கும் பிறவி. கயிறுகளைப் பற்றிச் சொல்லியிருப்பதில் பிழை இருப்பின் பெரிய மனது பண்ணிப் பொறுத்தருள வேண்டும். இதில் வரும் அம்மையார் சற்றே ஏளனமாகப் பேசுவார். அது அவருடைய சுபாவமே அன்றி என்னுடையதன்று என்பதையும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொண்டு கதைக்குள் செல்கிறேன்.

அந்த அலுவலகத்தின் கதவில் ஒரு சிறிய பலகை தொங்கியது. ‘தட்டாமல் வரலாம். அழாமல் பேசவும்’ என்று அதில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னவர் மேடம். இருபத்திரண்டு ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனமொன்றில் விபத்துகளை விசாரித்து, மனிதர்கள் சொல்லக்கூடிய பொய்களை எல்லாம் கேட்டு முடித்தபின், சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியவர். கேட்ட பொய்களின் பாரத்தினாலோ என்னவோ, அவருடைய இடது புருவம் வலது புருவத்தைவிட அரை அங்குலம் மேலேயே குடியேறிவிட்டிருந்தது.

பலகையை எழுதியவன் அவருடைய உதவியாளன். வயது முப்பத்தாறு, இரண்டு பெண்குழந்தைகளின் தகப்பன். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பான் என்பதால் எல்லாரும் அவனை ரேடியோ என்றே அழைத்தார்கள்.

அன்று காலை பத்து மணிக்கு வந்த பெண்மணி தட்டவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு துணிப்பையை மடியில் அணைத்தபடி அமர்ந்தாள். பையின் நான்கு மூலைகளிலும் சிவப்பு நூலால் சிறு சிறு முக்கோணங்கள் தைக்கப்பட்டிருந்தன.

“பை அழகா இருக்குங்க. எந்தக் கடை?” என்றான் ரேடியோ.

“நானே தைச்சது. நான் தையல்காரி. என் கை பட்ட துணி எதுவா இருந்தாலும் மூலையில இந்த முக்கோணம் இருக்கும்.”

ரேடியோ தண்ணீர் பாட்டில் ஒன்றை அவளிடம் நீட்டினான். அவள் மூடியை ஒரே திருகில் திறந்து, குடிக்காமல், அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க. வீட்டுக்காரருக்குத் திறந்து குடுத்துக் குடுத்துப் பழகிடுச்சு.”

“எவ்வளவு நாளா?” மேடம் முதல் முறையாக வாய் திறந்தார்.

“ஏழெட்டு மாசமா. கையில மரப்பிசின் ஒட்டிக்கிட்டு வழுக்குதுன்னு சொல்லுவார்.”

மேடத்தின் இடது புருவம் ஒரு நூலளவு நகர்ந்தது. ரேடியோவுக்கு அது தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

தையல்காரியின் கணவன் முப்பது வருடமாக மரம் ஏறிக் கிளை வெட்டுபவன். அணில் என்று சொன்னால்தான் தொழிலில் தெரியும். பன்னிரண்டு நாள்களுக்கு முன் முப்பதடி உயரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிர் இருந்தது. இனி நடப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவமனையில் கண் திறந்ததும் அணில் சொன்ன முதல் வாக்கியம், ‘முடிச்சு வழுக்கிடுச்சு’.

“அந்த முடிச்சை தினம் காலையில கட்டிக் கையெழுத்துப் போடறது தரையில நிக்கற ஆள்,” என்றாள் தையல்காரி. “அந்த ஆள் என் கூடப்பிறந்த தம்பி மேடம். நாளைக்குப் பத்து மணிக்கு லைசென்ஸ் ஆபீசுல விசாரணை. அவன் கார்டைப் பிடுங்கிட்டுப் போலீசுல ஒப்படைக்கப் போறாங்க. என் பொண்ணு ஆடுற ஊஞ்சல் அவன் கட்டினது. அவன் முடிச்சு வழுக்காது.”

“அப்ப உங்க வீட்டுக்காரர் பொய் சொல்றாரா?”

“அவர் ஏன் மேடம் பொய் சொல்லணும்? அவரும் உண்மை, அவனும் உண்மை. நடுவுல யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க.”

“நடுவுல யாருன்னு பாத்துச் சொல்றேன். பிடிக்காமப் போனா என்னைத் திட்டக் கூடாது,” என்று மேடம் எழுந்தார்.

*

மரம் வெட்டும் நிறுவனத்தின் கொட்டகையில் எங்கு பார்த்தாலும் மரத்தூள். வாசலில் கிளைகளைத் துருவித் தள்ளும் இயந்திரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தீயணைக்கும் மணல் வாளியில் சிகரெட் துண்டுகள் நட்டுவைத்த நாற்றுகள் போல் நின்றன. அதற்கு மேலே ‘பாதுகாப்பே நமது மூச்சு’ என்ற அறிவிப்பு.

“மூச்சு விடற இடத்துலதான் புகை பிடிக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க மேடம்,” என்றான் ரேடியோ.

காண்ட்ராக்டர் இரண்டு செல்பேசிகளோடு வெளியே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. மரத்தைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும் கைகள்.

“இதுல துப்பறிய என்னம்மா இருக்கு?” என்றார். “பெரிய கயிறு ஒண்ணைக் கிளையில போட்டுத் தொங்க விடுவோம். ஏறுறவன் இடுப்புப் பெல்ட்டுல ஒரு சின்னக் கயிறு. அதைப் பெரிய கயித்துல நாலஞ்சு சுத்து சுத்தினா, அதுதான் பிடிமுடிச்சு. உடம்பு பாரம் விழுந்தா இறுகிப் பிடிக்கும், பாரத்தை எடுத்துட்டுத் தள்ளினா நகரும். பாட்டன் காலத்து வித்தை! அதே வேலையை இப்ப மெஷின் செய்யுது. ஒரு விரல் வெச்சா இறங்கும், எடுத்தா நிக்கும். மூணு மாசம் முன்னாடி ஆறு மெஷின் வாங்கினேன். இனிமே என் கம்பெனியில எவனும் விழமாட்டான்னு எல்லா ஆபீசுலயும் சொல்லிட்டு வந்தேன்.”

“உடனே ஒருத்தர் விழுந்துட்டார்,” என்றார் மேடம்.

“மெஷினைத் தொடமாட்டேன்னவன் விழுந்தான். என்ன பேச்சு பேசினான் தெரியுமா? இது நடைவண்டியாம். நடக்கத் தெரியாத குழந்தைதான் இதைப் பிடிச்சுக்கும்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். பாருங்க, பெட்டி மேல படமே வரைஞ்சு வெச்சிருக்கான்.”

அட்டைப்பெட்டியின் மேல் மூன்று சக்கர நடைவண்டியொன்று பேனாவால் வரையப்பட்டிருந்தது. அதைத் தள்ளிய குழந்தைக்குக் காண்ட்ராக்டரின் மீசை. நன்றாகவே வரைந்திருந்தான்.

சுவரில் ஆறு கொக்கிகள் இருந்தன. ஐந்தில்தான் கருவிகள் தொங்கின.

“ஆறாவது?” என்றார் மேடம்.

“ரிப்பேருக்குப் போயிருக்கு.”

“வாங்கின மூணே மாசத்துலயா? உங்க மூச்சு அடிக்கடி நின்னுடும் போலிருக்கே,” என்றான் ரேடியோ. காண்ட்ராக்டர் ஒரு செல்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கவே இல்லை.

விபத்தின் சாட்சிப் பொருள்கள் ஒரு மேசைமேல் பரப்பியிருந்தன. நாள்பட்ட சாம்பல் நிறக் கயிறு. அதன்மேல் நீலக் கயிற்றால் ஒரு பிடிமுடிச்சு. பக்கத்தில் அணிலின் தலைக்கவசம். மேடம் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“விழுந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தார்?”

“ரம்பத்தால கிளை அறுத்துட்டிருந்தான். காலையில தூறல். எல்லாம் ஈரம்.”

“தெரியுது.” தலைக்கவசத்தின்மேல் மரத்தூள் அடை அடையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. சாம்பல் கயிற்றிலும் அப்படியே. “ரேடியோ, முடிச்சு ஒரு மனுஷனுக்கு எங்க இருக்கும்?”

“மூக்குக்கு நேரா மேடம். தும்மினா அதுமேலதான் விழும்.”

“தலையில இவ்வளவு தூள். கயித்துல இவ்வளவு தூள். மூக்குக்கு நேரா இருந்த முடிச்சு மேல?”

ரேடியோ குனிந்து பார்த்தான். நீலக் கயிறு கடையிலிருந்து வந்தது போல் சுத்தமாக இருந்தது. மேடம் சொன்னபடி முடிச்சைத் தளர்த்தி மெல்ல மேலே தள்ளினான். அது இருந்த இடத்தில், அடியில், மரத்தூள் அப்பளமாக அமுங்கிக் கிடந்தது.

“மேசையைத் துடைக்காம விரிப்பைப் போட்டிருக்காங்க,” என்றார் மேடம். “அறுத்து முடிச்சு, விழுந்து முடிச்சப்புறம் கட்டின முடிச்சு இது. இன்னொண்ணும் பாரு. முடிச்சு வழுக்கினா கயித்தைச் சுத்தி முழுக்கத் தேயணும். இது ரெண்டு கன்னத்துல மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் நசுக்கிப் பிடிக்கற சாமான் ஒண்ணு இதுமேல சறுக்கிட்டுப் போயிருக்கு.”

ரேடியோவின் கண்கள் காலியாக இருந்த ஆறாவது கொக்கிக்குப் போயின. காண்ட்ராக்டரின் கண்களும் அங்கேதான் போயின.

கொட்டகையின் ஓரத்தில், அறுத்துப் போட்ட மரத்துண்டொன்றின்மேல், அகன்ற தோள்களோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். தையல்காரியின் தம்பி. மேலே ஏறுபவனின் கயிற்றைக் கீழே நின்று காப்பவன் என்பதால் அவனுக்கு நங்கூரம் என்று பெயர்.

“முடிச்சைக் கட்டினது நான்தான்,” என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே. “என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க.”

“எப்பக் கட்டினே?” என்று மேடம் கேட்டார்.

நங்கூரம் தரையைப் பார்த்தான். மரத்துண்டின் பட்டையை நகத்தால் பிய்க்கத் தொடங்கினான்.

“ரேடியோ, மெஷினைக் கழட்டினவன் அவசரத்துல இருந்திருக்கான். திருப்பிக் கொக்கியில மாட்டலாம்னா சுத்தி ஆளுங்க. வெளியில போட்டா எவனாவது எடுத்துடுவான். இந்தக் கொட்டகையில யாருமே தொடாத இடம் எது?”

ரேடியோ ஒரு சுற்றுச் சுற்றினான். துடைப்பமும் யாரும் தொடாமல்தான் கிடந்தது, ஆனாலும் அதில் எதையும் ஒளிக்க முடியாது. பிறகு அலுவலக வாசலில் ஆணியடித்து மாட்டிய மரப்பெட்டியின் முன் நின்றான். ‘உங்கள் குறைகளைத் தயங்காமல் எழுதிப் போடவும்.’ பெட்டி முழுவதும் சிலந்தி வலை. வாய்ப்பக்கம் மட்டும் கிழிந்திருந்தது.

“இதுவரைக்கும் அதுல ஒரு குறைகூட வந்ததில்ல,” என்றார் காண்ட்ராக்டர், சற்றுப் பெருமையாகவே.

“சாவி எங்க?”

“அது தொலைஞ்சு பல வருஷம் ஆச்சு.”

“அதான் குறை தெரியல,” என்றார் மேடம்.

ரேடியோ முழங்கை வரை கையை விட்டான். “ஒரு குறை தட்டுப்படுது மேடம். கனமான குறை.” வெளியே வந்தது பச்சைத் துணி உறைக்குள் இருந்த ஓர் இரும்புக் கருவி. உறையின் மேலும் கீழும் திறப்பு இருந்தது. கயிறு உள்ளே நுழைந்து வெளியேற வசதியாக.

காண்ட்ராக்டர் ஓரடி பின்வாங்கினார்.

“ரிப்பேர் முடிஞ்சு வந்துடுச்சு போல,” என்றார் மேடம். “எவனும் விழமாட்டான்னு ஊரெல்லாம் சொன்ன மெஷின் ஒருத்தரை முப்பதடி தள்ளிடுச்சு. அதைக் கழட்டி, ஒரு முடிச்சைக் கட்டி, ஒரு அப்பாவி தலையில பழியைப் போட்டுட்டீங்க. மடிப்புக் கலையாத சட்டைக்கு நல்ல வேலை.”

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா! மெஷின் காணாமப் போச்சு. சொன்னா மானம் போகுமேன்னு ரிப்பேர்னு சொன்னேன். அவன் மெஷினைத் தொட்டான்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அவன் போட்டோவை வாசல்ல மாட்டியிருப்பேனே!”

ரேடியோவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நாளை விசாரணையில் இந்தச் சட்டை கசங்கப் போவதைக் கற்பனை செய்தபடி, உறையை விரலால் திருப்பினான். மூலையில், பச்சைத் துணியில், சிவப்பு நூலால் ஒரு முக்கோணம்.

அவன் வாய் மூடிக்கொண்டது. மேடத்திடம் சேர்ந்த மூன்று வருடங்களில் முதன்முறையாக ரேடியோ தானாக நின்றது.

மேடம் அவன் கையிலிருந்து உறையை வாங்கிப் பார்த்தார். பிறகு கருவியின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்களைப் படித்தார். “பதினொண்ணரை மில்லிமீட்டருக்கு மேல தடிமன் உள்ள கயித்துக்குத்தான் இது. இந்தச் சாம்பல் கயிறு எவ்வளவு?”

“பத்தரைகூட இருக்காது. பழசு, தேஞ்சு போச்சு,” என்றார் காண்ட்ராக்டர். “ஒவ்வொரு மெஷினோடவும் புது ரோப்பு குடுத்தேனே! ஆறும் ஆரஞ்சு கலர்!” அவர் காட்டிய அலமாரியில் ஓர் ஆரஞ்சுக் கயிறு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

“ஆரஞ்சு ரோப்பு தெருமுனையில நிக்கறவனுக்கும் தெரியும்,” என்றார் மேடம். “நடைவண்டின்னு சிரிச்ச மனுஷன் அதுல தொங்கினா மானம் என்னாகறது? அதனால பழைய சாம்பல் கயிறு. மெஷின் மேல இலைக்கு நடுவுல தெரியாத பச்சைச் சட்டை. முடிச்சா இருந்தா எந்தக் கயித்தையும் அனுசரிச்சுப் போகும், ஒரு சுத்து கூடச் சுத்தினாப் போதும். மெஷின் அளவு பாத்துத்தான் பிடிக்கும். காய்ஞ்ச நாள்ல ஏதோ ஒப்பேத்தியிருக்கு, தூறல் விழுந்ததும் விட்டுடுச்சு. முப்பது வருஷம் கயித்துல தொங்கினவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா சிரிச்ச வாயை மூடிக்கத் தெரியல.” நங்கூரத்தின் பக்கம் திரும்பினார். “இப்பச் சொல்லு. எப்பக் கட்டினே?”

நங்கூரம் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“விழுந்தவுடனே மாமா வலிக்குதுன்னு கத்தல மேடம். ‘மச்சான், இதைக் கழட்டிட்டு முடிச்சைப் போடு, எவனாவது பாத்துடப் போறான்’னுதான் சொன்னார். காலையில நான் கட்டற முடிச்சை இலைக்குள்ள போனதும் அவிழ்த்துப் பையில போட்டுட்டு மெஷினை மாட்டிக்குவார்னு எனக்கே அப்பத்தான் தெரியும். மத்தவங்க ஆம்புலன்சுக்கு ஓடினாங்க. நான் கட்டினேன். ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரியில, எல்லார் முன்னாடியும், முடிச்சு வழுக்கிடுச்சுன்னுட்டார். என் முகத்தை மட்டும் பாக்கல.”

“நீ ஏன் வாயைத் திறக்கல?” என்றான் ரேடியோ.

“அக்கா புருஷன் சார். படுக்கையில கிடக்கார். மிச்சம் இருக்கறது பேர் ஒண்ணுதான். அதையும் நானே எடுக்கணுமா?”

காண்ட்ராக்டர் சிரிக்கத் தொடங்கினார். “நடைவண்டி! அணிலு நடைவண்டியில...”

“நீங்க சிரிக்காதீங்க,” என்றார் மேடம். “உங்க ஆள் மூணு மாசமா தேஞ்ச கயித்துல ஏறியிருக்கார். ஒரு தடவைகூட நீங்க அண்ணாந்து பாக்கல. உங்களுக்குச் சட்டை மடிப்பு, அவருக்கு மானம், இவனுக்குத் தியாகம். மூணு பேரையும் ஒரே கயித்துல கட்டினா கயித்துக்குத்தான் அவமானம்.”

*

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் நான்கு மணிக்குத் தொடங்கியது. சன்னலோரக் கட்டிலில் அணில் மல்லாந்து படுத்திருந்தான். தையல்காரி பக்கத்து முக்காலியில் இருந்தாள். மேடம் பச்சை உறையை அவள் மடியில் வைத்தார்.

அவள் முக்கோணத்தைத் தடவிப் பார்த்தாள். “கண்ணாடி வைக்க உறை வேணும்னு கேட்டார். ரெண்டு பக்கமும் திறந்து இருக்கணும்னார். கண்ணாடி கீழ விழுந்துடாதான்னு கேட்டேன். ‘உனக்கென்னடி தெரியும், தைக்கிற வேலையைப் பாரு’ன்னார்.” முக்கோணத்திலிருந்து விரலை எடுத்தாள். “தைச்சேன்.”

“முடிச்சுதான் வழுக்கிச்சு,” என்றான் அணில், கூரையைப் பார்த்தபடி. “மெஷினைத் தொடற சாதி நான் இல்ல.”

மேடம் கைப்பையிலிருந்து மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலொன்றை எடுத்து அவன் மார்பின்மேல் வைத்தார்.

“தாகமா இருக்கும். திறந்து குடிங்க.”

அணில் பாட்டிலைப் பிடித்தான். வலது கட்டைவிரலை மூடியில் வைத்தான். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தான். மூடி அசையவில்லை. அவன் கண்கள் வழக்கம்போல் மனைவியின் பக்கம் போயின. தையல்காரியின் கைகள் மடியில் உறையின்மேல் இருந்தன. அவை அங்கேயே இருந்தன.

“திறங்க,” என்றாள். “இப்பத்தான் கையில பிசின் இல்லையே.”

அணில் இன்னொரு முறை திருகிப் பார்த்துவிட்டுப் பாட்டிலை மார்பின்மேல் படுக்க வைத்தான்.

“விரல் செத்துப் போச்சுடி,” என்றான் அணில் கடைசியில். “பாரம் விழுந்தா முடிச்சு இறுகிடும். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால தள்ளித்தான் இளக்கணும். ஒரு நாளைக்கு நூறு தடவை. முடியல. மெஷின்னா ஒரு விரல் போதும்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? நடைவண்டின்னு படம் போட்டவன் நான். ஒரு பய விடாம கைகொட்டிச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். நாலு நாள் சிரிப்பான், அஞ்சாம் நாள் அவனுக்கு வேற வேலை வந்துடும். என் தம்பி உள்ள போனா?” அவள் குரல் உயரவில்லை. “உங்க மானத்துக்கு அவன் காவல் நின்னான். அவனுக்கு எதிரா நீங்க சாட்சி சொல்றீங்க. இவ்வளவு நாள் பாட்டில் திறந்து குடுத்தேன், போகட்டும். இனிமே இந்த ஒரு வாயை நீங்கதான் திறக்கணும்.”

அணில் கண்களை மூடிக்கொண்டு சொன்னான். ரேடியோ எழுதினான். பேனாவை நீட்டியபோது அது அணிலின் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. மேடம் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். செத்துப்போன அந்தக் கட்டைவிரலின் ரேகை தாளின் அடியில் தெளிவாக விழுந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது ரேடியோ கேட்டான். “அணில் மட்டம், காண்ட்ராக்டர் மட்டம், நங்கூரம் முட்டாள். நீங்க மதிக்கிற சாமான் ஏதாவது உண்டா மேடம்?”

“கயிறு,” என்றார் மேடம். “அதுக்கு மானம் கிடையாது. இருக்கற தடிமனை மறைக்காது.”

மறுநாள் பத்து மணி விசாரணை பதினொன்றுக்கு முடிந்தது. நங்கூரம் சிறைக்குப் போகவில்லை. இழப்புகளை மட்டும் எழுதி, வாசகர்களின் பொறுமைக்கு நன்றி கூறி நிறுத்திக்கொள்கிறேன்.

அணிலின் முதுகில் இரண்டு எலும்புகள், இரண்டு கால்களின் நடை, மரம் ஏறும் அட்டை. சாட்சிப் பொருளை மாற்றிய குற்றத்துக்காக நங்கூரத்தின் அட்டை, ஆறு மாதங்களுக்கு. காண்ட்ராக்டரிடமிருந்து நகரத்து மரங்களை வெட்டும் ஒப்பந்தம் முழுவதும். இருபதடி சாம்பல் கயிறு, சோதனைக்காகத் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. ‘மாமா’ என்ற சொல். நங்கூரம் அதைப் பிறகு பயன்படுத்தவில்லை.

பச்சை உறையை விசாரணை அலுவலர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் இப்போது ஒரு சிவப்பு முக்கோணம் குறைவு. தையல்காரி அதைத் தன் கையாலேயே பிரித்தாள்.